ஏழாவது பிரிவும் இரண்டு டம்ளர் மோரும்

முதல் டம்ளர் மோரை மங்கையர்க்கரசி குடித்தது தப்பு. இரண்டாவது டம்ளரைக் குடித்தது தப்புகூட இல்லை, கொழுப்பு. இருபத்திரண்டு வருஷமாகப் பேரவை அறிக்கையாளர் வேலை, உறுப்பினர்கள் வாய் திறந்து சொல்வதையெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் சுருக்கெழுத்தில் பிடித்துப் போடுகிற வேலை. இத்தனை வருஷத்தில் குழுக் கூட்டம் இருக்கிற ஒரு காலையிலாவது அவள் பல்லில் பச்சைத் தண்ணி பட்டிருக்குமா? படாது. வீட்டில் அரை டம்ளர் காபி, அதுவும் ஏழு மணிக்கு முன்னால், அப்புறம் மத்தியானம் வரைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் சரி, ஒன்றும் கிடையாது. அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது, எந்த அவையிலும் நிறைவேறாதது, ஒரு நாளும் மீறாதது. இன்றைக்கு மீறிவிட்டாள். குழுத் தலைவர் தணிகைநாதன் இருக்காரே, அந்த மகராசன், "சித்திரை வெயில் மேடம், எங்க வீட்டு மோர், நீங்க குடிக்கலைன்னா நான் கூட்டத்தையே ஆரம்பிக்க மாட்டேன்" என்று நீட்டிவிட்டார். மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் பார்க்கிறார்கள், மறுத்தால் திமிர் என்பார்கள், குடித்தாள். நல்லாத்தான் இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், நல்லா இருக்கு ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தாள், உடனே இன்னொரு டம்ளர். இப்போது மணி பன்னிரண்டே கால். மோர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வலது கை உறுப்பினர் மாயக்கண்ணன் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தது, மற்ற உடம்பு முழுக்க ஒரே ஒரு காரியத்தில் முனைந்திருந்தது. கால் மேல் கால், இறுக்கமாக. மூச்சு மேலாக. சிரிப்பு வந்தால் சிரிக்கக் கூடாது, தும்மல் வந்தால் செத்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழு அன்றைக்கு ஆராய்ந்துகொண்டிருந்தது 'பெண்களுக்கான பொதுக் கழிப்பிடங்கள் (அமைத்தல் மற்றும் பராமரித்தல்) சட்டமுன்வடிவு'. வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல.

ஒன்பது பிரிவு உள்ள சட்டமுன்வடிவு. ஏழாவது பிரிவில் நிற்கிறார்கள், நாற்பது நிமிஷமாக நிற்கிறார்கள். ஏழாவது பிரிவு இரண்டே வரி. கழிப்பிடத்தைப் பூட்டிப் பாதுகாக்க வேண்டும், சாவி பொறுப்பு அலுவலரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பூட்டைப் பற்றியும் சாவியைப் பற்றியும் ஒரு மனுஷன் வாயைத் திறக்கவில்லை. பேச்செல்லாம் கல்வெட்டைப் பற்றி. கழிப்பிடத்து வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க வேண்டுமே, அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே? அமைச்சர் பெயர் மேலே சரி, அதற்கடுத்து சட்டமன்ற உறுப்பினர் பெயரா, நகராட்சித் தலைவர் பெயரா? "தொகுதிக்குத் தாய் தகப்பன் நாங்கதான்" என்கிறார் மாயக்கண்ணன். சலவைக் கல்லா, கருங்கல்லா? எழுத்துக்குத் தங்க நிறமா, சிவப்பா? பெரியவர் சிவப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார், அது ஆமோதிப்பதா தூங்குவதா என்று இருபத்திரண்டு வருஷ அனுபவத்திலும் மங்கைக்குப் பிடிபடவில்லை. பத்துப் பேரில் ஒரே ஒரு பெண், வேலங்குளம் உறுப்பினர் அன்னக்கொடி அம்மாள், முதல் தடவை ஜெயித்து வந்தவர், அறுபது வயசு, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை கையைத் தூக்கினார், இரண்டு தடவையும் தலைவர் பார்க்காத மாதிரி மாயக்கண்ணன் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் முன்னாலும் மோர் டம்ளர் இருந்தது. நிறைய இருந்தது. தொடவே இல்லை. விவரமானவள், புதுசா வந்தவளுக்கு இருக்கிற விவரம் எனக்கு இல்லாமப் போச்சே என்று மங்கை தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு வந்து இவளை மாற்றிவிட வேண்டிய சக அறிக்கையாளன் பென்னட்டை இன்னும் காணோம். பென்னட் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தால்தான் இவள் எழுந்திருக்க முடியும், நடுவில் எழுந்து போனால் பேசினது பதிவாகாது, இந்த அறையில் ஒலிப்பதிவு கிடையாது, அவள் நோட்டுதான் சாட்சி. பென்னட் கேன்டீனில் வடை ஆறுவதற்காகக் காத்திருப்பான். சூடாக இருந்தால் நாக்கு புண்ணாகிவிடுமாம், சீமானுக்கு.

சரி, பென்னட் வந்தே விட்டான் என்று வைத்துக்கொள்வோம். எழுந்தும் விட்டாள். அப்புறம்? அப்புறம் சாவி. இந்த இரண்டாம் மாடியில் பெண்களுக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று, நடைக்கோடியில், பச்சைக் கதவு, எப்போதும் பூட்டு. யாரோ பார்வையாளர்கள் வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம், எந்தக் காலத்திலோ, அதிலிருந்து பூட்டு. சாவி டபேதார் துரைக்கண்ணுவிடம். சாவி தொலையாமல் இருக்க அதில் ஒரு மரக்கட்டை கட்டி வைத்திருக்கிறார், ஒரு சாண் நீளம், சப்பாத்திக் கட்டையில் பாதி. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நடைவழியில் நாற்பது அடி நடக்க வேண்டும். பார்க்கிறவன் எல்லோருக்கும் தெரியும் இவள் எங்கே போகிறாள் என்று. புடவைத் தலைப்புக்குள் ஒளித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சட்டத்துறை ராமபத்திரன் ஒரு தடவை எதிரே வந்து, கட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், சௌக்கியமா?" என்று கேட்டான் பாருங்கள், அந்தச் சௌக்கியத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன் துரைக்கண்ணு பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். பெயர், பதவி, எடுத்த நேரம், திருப்பிய நேரம். எடுத்ததற்கும் திருப்பியதற்கும் நடுவில் எத்தனை நிமிஷம் என்று அரசாங்கம் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறது? ஆண்களுக்கு இந்த மாடியிலேயே மூன்று இருக்கிறது, மூன்றும் திறந்து கிடக்கிறது, போகிறார்கள், வருகிறார்கள், கையை உதறிக்கொண்டு வருகிறார்கள், எவனிடமும் கட்டை கிடையாது. "சார், சைஸ் நாலுக்கு ரெண்டரை அடி இருந்தாத்தான் பேரு தெரியும்" என்று மாயக்கண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார், கை அதை எழுதியது, நாலுக்கு ரெண்டரை அடி, நல்ல கை, மனசு எங்கே போனாலும் அது பாட்டுக்கு எழுதும். கல்யாணத்தன்று விடிகாலை மூன்று மணிக்குக் கூறைப்புடவை சுற்றினார்கள், பதினொன்றரை வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்றாள் நாத்தனார், தாலி கட்டும்போது கண்ணீர் வந்தது, பொண்ணு நெகிழ்ந்துட்டா என்று போட்டோக்காரன் கிட்டக்க வந்து படம் பிடித்தான், அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது, அவள் எதற்கு அழுதாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் திருச்செந்தூர் பஸ். புருஷன் கணேசமூர்த்தி நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கு ஒரு சுவர் போதும், சுவர் இல்லாவிட்டால் ஒரு புளியமரம், அதுவும் இல்லாவிட்டால் பஸ் டயரே போதும். வழியில் பஸ் நின்றது, இறங்கினார், வந்தார், "அப்பாடா" என்றார். நீங்க சொன்ன அப்பாடாவை நான் சொல்ல வேண்டாமா என்று கேட்டதற்கு, "இன்னும் அஞ்சே நிமிஷம், பொறுத்துக்க, பொம்பளைங்களுக்கு அந்தச் சக்தி உண்டு" என்றார். அஞ்சு நிமிஷம் ரெண்டரை மணி நேரம். முருகன் சன்னிதியில் நின்று அவள் வேண்டிக்கொண்டது பிள்ளை வரமில்லை, சத்தியமாக இல்லை. டாக்டரம்மா வேறு போன மாசம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நிறையத் தண்ணி குடிங்க, அடக்கவே கூடாது" என்று எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை யாரிடம் காட்ட, துரைக்கண்ணுவிடமா? அடக்காமல் இருந்தால் இருபத்திரண்டு வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஐயோ, நாற்காலி. வெல்வெட் நாற்காலி, சிவப்பு, போன வருஷம்தான் உறை மாற்றினார்கள். ஏதாவது ஆகிவிட்டால்? மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தொன்பது, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மெமோ வாங்காதவள், குழு அறையில், பத்து உறுப்பினர்கள் முன்னால், கழிப்பிட மசோதா நடக்கும்போது. மூணு தலைமுறைக்குப் பேசுவார்கள். ராமபத்திரன் சௌக்கியமா என்று கேட்பான். முதலில் அந்தப் பூட்டை எடுத்துத் தொலைக்கணும். எந்த ஊரில், எந்த மூலையில் இருந்தாலும் சரி, பூட்டே கூடாது, சாவின்னு ஒண்ணு இருந்தால்தானே அது ஒருத்தன் இடுப்பில் தொங்கும், அவன்கிட்டப் போய் இவள் பல்லிளித்துக்கொண்டு நிற்கணும், எவளும் எவன்கிட்டயும் போய் நிற்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது, விடியற்காலையிலிருந்து ராத்திரி கடைசி பஸ் போகிற வரைக்கும் திறந்தே கிடக்கணும், திறந்து போட வக்கில்லாதவனுக்குக் கட்டடம் எதுக்கு, கல்வெட்டு எதுக்கு, முருகா, இன்னும் ரெண்டு பிரிவு இருக்கே.

"மேடம்" என்றது ஒரு குரல். இரண்டாம் முறை "மேடம்" என்றபோதுதான் அது தலைவரின் குரல் என்று உறைத்தது. மாயக்கண்ணன் பேச்சை முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் தணிகைநாதன் அப்போதுதான் எங்கேயோ போய்விட்டுத் திரும்பியவர் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நம்ம மாயக்கண்ணன் கடைசியா ஒரு திருத்தம் சொன்னாரு இல்ல, அதை ஒருதரம் வாசிங்க. வாக்குக்கு விட்டுட்டுச் சாப்பிடப் போயிரலாம்" என்றார். இது ஒன்றும் புதிசில்லை, மாதத்துக்கு இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார்கள், சொன்னவருக்கே சொன்னது மறந்துபோகும். மங்கை நோட்டைத் தூக்கினாள். நாலுக்கு ரெண்டரை அடி இருந்தது. தொகுதிக்குத் தாய் தகப்பன் இருந்தது. அதற்குக் கீழே பார்த்தாள், ஒரு கணம் மோரே மறந்துபோனது. அதற்குக் கீழே மாயக்கண்ணனே இல்லை. பூட்டு இருந்தது. சாவி இருந்தது. எவளும் எவன்கிட்டயும் இருந்தது. பழகின கை, காதிலிருந்து எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு உள்ளேயிருந்து எடுத்து எழுதிவிட்டது, அதுவும் வரி பிசகாமல், கோடும் கொக்கியும் அச்சடித்த மாதிரி. அடப்பாவி கையே! என்ன செய்வது? ஞாபகத்திலிருந்து மாயக்கண்ணனைச் சொல்லலாமா? மாயக்கண்ணன் என்ன சொன்னார்? கருங்கல்லா, சலவைக் கல்லா? தப்பாகச் சொன்னால் அவர் அங்கேயே பிடித்துக்கொள்வார், கல் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். எழுதவில்லை ஐயா என்று சொன்னால் நாளைக்கு மெமோ, இருபத்திரண்டு வருஷம் காலி. இதையெல்லாம் யோசிக்க அவளுக்குக் கிடைத்தது மூன்று விநாடி. அதில் இரண்டு விநாடி காலை மாற்றிப் போடுவதில் போய்விட்டது. என்ன ஆனாலும் ஆகட்டும், வாசித்தால் முடியும், முடிந்தால் எழுந்திருக்கலாம், அந்த ஒரு நினைப்புதான் மிஞ்சியது. வாசித்தாள்.

"பூட்டை எடுத்துவிட வேண்டும். எந்த ஊரில், எந்த மூலையில் இருந்தாலும் பூட்டு கூடாது. சாவி என்று ஒன்று எவர் இடுப்பிலும் தொங்கக் கூடாது. எந்தப் பெண்ணும் எவரிடமும் போய்க் கேட்டு நிற்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது. விடியற்காலையிலிருந்து கடைசி பஸ் போகிற வரை திறந்தே கிடக்க வேண்டும். திறந்து போட வக்கில்லாதவனுக்குக் கட்டடம் எதற்கு, கல்வெட்டு எதற்கு. முருகா." வேகத்தில் அதையும் வாசித்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டபோது காலம் கடந்துபோயிருந்தது. சிவப்பிரகாசம் கண்ணைத் திறந்து, "முருகான்னது நான்தான். கொட்டாவி விட்டா அவன் பேரு தானா வரும்" என்றார். மாயக்கண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "மத்தது நான் இல்ல" என்றார். "தலைவரே, நான் கல்வெட்டு வேணும்னுதானே மூச்சுப் பிடிச்சுப் பேசினேன்? கல்வெட்டு எதுக்குன்னு நானே கேப்பேனா? மேடம், இது யார் பேசினது?" எல்லோரும் மங்கையைப் பார்த்தார்கள். சொல்லிவிட வேண்டியதுதான், நான்தான் ஐயா, மோர்தான் ஐயா, என்று வாய் வரைக்கும் வந்தது.

"நான் பேசினது" என்றார் அன்னக்கொடி அம்மாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? எப்பம்மா பேசினீங்க? எனக்குக் கேக்கவே இல்லையே."

"உங்களுக்கு எப்பத்தான் கேட்டிருக்கு? மாயக்கண்ணன் தம்பி தாய் தகப்பன்னு பேசிக்கிட்டிருந்தப்பவே நடுவுல சொன்னேன். மைக்கு போடல. எழுதுற பிள்ளைக்கு மட்டும் கேட்டிருக்கு." சொல்லும்போது அந்த அம்மாள் மங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே, ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்த அவள் காலைப் பார்த்துவிட்டு, நேராகத் தலைவரைப் பார்த்தார். மங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக் கூடாது, அழுதால் பிடி தளர்ந்துவிடும். துறைச் செயலாளர் எழுந்து, பூட்டில்லாவிட்டால் நடைமுறைச் சிக்கல் வரும், வாளி, கப்பெல்லாம் களவு போகும் என்று ஆரம்பித்தார். "கப்பு போனா கப்பு வாங்கலாம்யா" என்றார் அன்னக்கொடி. "இருபத்தாறு வருஷம் பஞ்சாயத்துல இருந்தவ நான். எங்க ஊருல கட்டி, கல்வெட்டும் வெச்சு, பூட்டிட்டானுக. சாவி கிளார்க்குகிட்ட, கிளார்க்கு லீவுல. பொம்பளைங்க பழையபடி கருவேலங்காட்டுக்குத்தான் போனாங்க. போற வழியில கல்வெட்டைப் படிச்சிட்டுப் போனாங்க. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. காலையிலருந்து கையைத் தூக்கிக்கிட்டிருக்கேன்." மாயக்கண்ணன் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது, நாளைக்குப் பேப்பரில் வந்தால் எந்தப் பக்கம் நிற்பது நல்லது என்று. "அக்கா சொன்னப்பவே நான் தலையாட்டினேன், தலைவரே" என்றார். "அப்ப வாக்குக்கு விடறேன்" என்றார் தலைவர், பசி அவருக்கும். "பூட்டும் சாவியும் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட ஏழாவது பிரிவு. ஏற்போர் ஆம் என்க." ஆம் என்றார்கள். சிவப்பிரகாசம் இரண்டு தடவை ஆம் என்றார். மறுப்போர் இல்லை. எட்டாவது பிரிவும் ஒன்பதாவது பிரிவும் சாப்பாட்டுக்கு அப்புறம். மங்கை 'ஒருமனதாக' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு பென்னட் உள்ளே வந்தான், "ஸாரி மேடம், வடை லேட்டு" என்று. அவனுக்குப் பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

நடைவழியில் அவள் ஓடவில்லை, ஓடினால் ஆபத்து, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வேக நடை. பக்கத்திலேயே இன்னொரு செருப்புச் சத்தம் தேய்ந்து வந்தது. திரும்பினால் அன்னக்கொடி அம்மாள். "எனக்குந்தான் தாயி. காலையில ஆறு மணிக்கு ரயிலை விட்டு இறங்கினது" என்றார். நடைக்கோடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்த டபேதார் துரைக்கண்ணு, உறுப்பினரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார், கும்பிட்ட கையாலேயே பதிவேட்டை நீட்டினார். மங்கைக்கு வந்ததே கோபம். "அண்ணே, இப்பத்தான் உள்ள முடிவாச்சு. பூட்டே கூடாது, சாவியே கூடாது, கையெழுத்தே கூடாது. ஒருமனதா!"

துரைக்கண்ணு பதறவில்லை. முப்பது வருஷ சர்வீஸ், எத்தனை மசோதா பார்த்தவர். "ரொம்ப நல்லது மேடம், வரவேண்டிய சட்டம்தான்" என்றார். "ஆனா அறிக்கை அச்சாகணும், அவையில வெக்கணும், நிறைவேத்தணும், கவர்னர் கையெழுத்துப் போடணும், அரசிதழ்ல வரணும். அதுவரைக்கும் நீங்க கையெழுத்துப் போடணும். நேரத்தையும் குறிச்சிருங்க."

போட்டாள். நேரமும் குறித்தாள். கட்டையோடு சாவி கைக்கு வந்தது, பூட்டு திறந்தது, கதவு திறந்தது. உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. மங்கை நின்றாள். எதிரே நிற்பவர் மக்கள் பிரதிநிதி, பெரியவர், வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர். "நீங்க போங்கம்மா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசினவ நீ. போ உள்ள" என்று அன்னக்கொடி அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினால், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. கதவு மெல்லத் திறந்துகொள்ளப் பார்த்தது. "அம்மா" என்று கூப்பிட்டாள் மங்கை. வெளியிலிருந்து ஒரு கை வந்து கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தியது. வேலங்குளம் சட்டமன்ற உறுப்பினர் செருப்பை ஒரு பக்கம் உதறிவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடைவழியில் போகிற வருகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டு நின்றார். "நான் பிடிச்சிருக்கேன், நீ நிதானமா இரு" என்றார் கதவோடு வாயை ஒட்டி. "சாப்பிட்டு வந்து எட்டாவது பிரிவுல தாழ்ப்பாளையும் எழுதிரு தாயி. நான் பேசினதாவே இருக்கட்டும்."